கோடு அங்கே விழுகிறது

பதினேழாவது கொண்டை ஊசியில்
டிரைவர் ஒடித்த ஒடிப்பில்
மேலே வைத்த பை விழுந்தது.
மடிக்கணினி செத்துப்போனது.
வரைபலகைக்கு ஒன்றுமில்லை. பேனாவுக்கும்.
கேபிளுக்கு மட்டும் கழுத்து முறிந்திருந்தது.

காப்பித் தண்டைத் துளைக்கும் வண்டு
நாளை பத்து மணிக்குள் அச்சுக்குப் போகவேண்டும்.
மிஷினைக் காலியாய் நிறுத்தியிருக்கிறேன் என்று
செவ்வாய்ப்பேட்டை பிரஸ்ஸிலிருந்து தனகோடி
இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டார்.

எஸ்டேட் ஆபீஸில் ஒரு டேப்லெட் உண்டு,
பழம் பறித்தவர் பெயரும் கிலோவும் ஏற்ற.
"ராத்திரி நீங்க வச்சுக்குங்க,
ஏழு மணி பேர்க்கணக்குக்கு எனக்கு வேணும்"
என்றாள் பெலிசித்தா,
கண்ணாடியில் காய்ந்த பழத்தோலின் பிசினை
ஸ்வெட்டர் கையால் தேய்த்தபடி.

இரண்டுக்கும் வாய் பொருந்தவில்லை.
நடுவில் பெருவிரல் நீளத்தில் ஒரு தரகன் வேண்டும்,
ஓடிஜி என்று பெயர்.
ஒண்டிக்கடை முக்கில் ஷட்டர் பாதி இறங்கிய கடையில்
ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்துத் தேடிக் கொடுத்தான்.
எண்பது ரூபாய்.
வேலை செய்யாவிட்டால் சொல்ல வராதீர்கள் என்றான்.

ஆபீஸ் மேஜையில் கிடந்த கேபிளைச் செருகினேன்.
பலகையில் நீல விளக்கு எரிந்தது.
டேப்லெட் கண்டுகொள்ளவில்லை.
பெலிசித்தா கேபிளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்:
"இது சார்ஜ் கேபிளுக்கா.
கரண்டு போகும், பேச்சு போகாது."
முதல் தேதி பணம் மட்டும் வந்துகொண்டிருந்த
ஒரு கேபிளை எனக்கும் தெரியும்.
அது எதற்கு இப்போது.

எடைச்சீட்டு அடிக்கும் மிஷினிலிருந்து
அவளே வேறொன்றை உருவிக் கொடுத்தாள்.

வந்தது.
கடுகளவு ஒரு புள்ளி.
பேனா பலகையைத் தொடுவதற்கு முன்பே,
ஒரு விரற்கடை உயரத்திலேயே
புள்ளி அங்கே நடுங்கியது.
ஆனால் இடது ஓரம்தான் எனக்குப் பட்டா,
மீதி முழுக்கப் புறம்போக்கு,
எவ்வளவு தேய்த்தாலும் கோடு விழாது.
டேப்லெட்டைப் படுக்கவைத்தேன்.
பலகையின் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன்.
எது கேட்டதோ,
நிலம் மொத்தமும் கைக்கு வந்தது.

கை இங்கே. கோடு அங்கே.
இருட்டில் சாப்பிடுகிற கை
வாயைத் தப்பவிடாது அல்லவா,
அந்தத் தைரியத்தில் போனேன்.
மூன்று கோடு கோணிக்கொண்டது.
கீழே பார்த்தால் வெறும் கறுப்புப் பலகை.
மேலே, இந்தச் சரிவில் இருநூறு செடியைப்
பிடுங்கி எரிக்கவைத்த வண்டுக்கு
மீசை முளைக்கிறது,
அழுத்தினால் தடித்து, விட்டால் மெலிந்து.

நான்காவது காலில் பதினொரு சதவீதம்.
இருப்பது ஒரே வாய்:
பேசலாம், அல்லது சாப்பிடலாம்.
பலகையைப் பிடுங்கிச் சார்ஜரைக் கொடுத்துவிட்டு
ஜன்னலில் பனி இறங்குவதைப் பார்த்திருந்தேன்.
ஐந்தாவது கால் இரண்டு மணிக்கு.
ஆறாவது எப்போது என்று நினைவில்லை.

ஏழு மணி.
படம் மலை இறங்கிப் போய்விட்டது.
கேபிளைக் கழற்றக் குனிந்தேன்.
"இருக்கட்டும்க்கா" என்றாள் பெலிசித்தா.
குளிரில் விறைத்த விரலுக்குக்
கண்ணாடி மசியாதாம்.
நேற்றைய கிலோவுக்கு எல்லாரும்
பேனாவிலேயே கையெழுத்துப் போடட்டுமாம்.

சடையம்மா பேனாவை வாங்கிப்
பலகையையே பார்த்தாள்.
"எழுத மாட்டேங்குதே."
"எழுதுது. அங்க பாருங்க."
அவள் நிமிர்ந்தாள்.
இத்தனை நாள் விரலால் போட்டபோது
விரலே மறைத்திருந்த எண்
வெளிச்சமாய் நின்றது.
'சடை' என்பது வரைக்கும் எழுதியவள்
பேனாவைக் கொஞ்சம் தூக்கினாள்.
புள்ளி அந்த நாற்பத்தொன்றின் மேலேயே
தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"நாலாவது சாக்கு எங்கம்மா?"

பெலிசித்தா நோட்டைப் புரட்டினாள்.
வரிசையில் பின்னால் நின்றவர்கள்
முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள்.
என் போன் அடித்தது. தனகோடி.
எடுக்கவில்லை.